சேலத்து வெயிலுக்கு எந்த மூலிகை டீ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பாதியிலேயே சேலத்தில் வெயில் கடுக்கத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசியில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டி 40-ஐத் தொடும் நாட்களும் உண்டு. அந்த மூன்று மாதங்களுக்கு எந்த மூலிகையை வாங்குவது, எப்படிப் போடுவது, எதைத் தவிர்ப்பது என்பதற்கான பதில்கள் இவை. கொதிக்கவைத்தது, ஊறவைத்தது, சூடானது, ஆறியது எல்லாவற்றையும் ஊரில் சொல்கிறபடியே ‘மூலிகை டீ’ என்கிறோம். இவற்றில் தேயிலை கிடையாது.

மூலிகை டீ குடித்தால் உடம்பில் நீர்ச்சத்து ஏறுமா?

ஏறும். ஆனால் ஏற்றுவது தண்ணீர், மூலிகை இல்லை. ஒரு டம்ளர் புதினா டீ என்பது ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர்தான். வெறும் தண்ணீரை நாலு டம்ளருக்கு மேல் குடிக்கப் பிடிக்காதவரை ஏழெட்டு டம்ளர் குடிக்கவைப்பதுதான் மூலிகையின் வேலை. அதனால் தேர்ந்தெடுக்கும்போது ‘இதில் என்னென்ன சத்து’ என்று பட்டியல் பார்க்க வேண்டியதில்லை. சர்க்கரை போடாமல் குடிக்க முடிகிறதா? ஆறிய பிறகும் நன்றாக இருக்கிறதா? தினமும் ஐந்தாறு டம்ளர் குடித்தாலும் வயிற்றுக்கோ, சாப்பிடுகிற மாத்திரைக்கோ தொந்தரவு இல்லையா? இந்த மூன்றிலும் தேறாதது நல்ல மருந்தாக இருக்கலாம், தாகத்துக்கு ஆகாது.

அப்படித் தேறுகிறவை எவை?

எங்கள் கணக்கில் ஐந்து: வெட்டிவேர், நன்னாரி, மல்லி விதையும் சீரகமும் சேர்ந்தது, புதினா, எலுமிச்சைப்புல். முதல் மூன்றும் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கும். புதினா உழவர் சந்தையில் தினமும் வரும். எலுமிச்சைப்புல்லைத் தொட்டியிலேயே வளர்க்கலாம். செம்பருத்தி, சங்குப்பூ, ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் நாளுக்கு ஒரு டம்ளர் ருசிக்குச் சரி. சொம்பு சொம்பாகக் குடிக்க வேண்டாம். அதிமதுரம், நிலாவாரை, சுக்கு ஆகியவற்றைக் கோடைத் தாகத்துக்கான பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதிமதுரத்துக்கும் நிலாவாரைக்கும் காரணங்கள் கீழே வருகின்றன.

சூடாகக் குடிப்பதா, ஆறவைத்தா, ஐஸ் போட்டா?

மூன்றிலும் ஏறும் நீர் ஒன்றுதான். சேலத்தின் வெயில் வறண்ட வெயில். வியர்வை சட்டென்று உலரும். அப்படி உலரும் இடத்தில் சூடான பானம் குடித்தால் கூடுதலாக வியர்த்து, அது ஆவியாகும்போது உடம்பு குளிரும். மின்விசிறியே இல்லாத புழுக்கமான அறையில் அந்தக் கணக்கு பலிக்காது, வியர்வை வழிந்து வீணாகும். மதியத்துக்குப் பானைக் குளிர்ச்சி போதும். பல் கூசும் அளவுக்கு ஐஸ் போட்டால் இரண்டு மடக்குக்கு மேல் இறங்காது, குடிக்கும் அளவு குறைந்துவிடும். ஐஸ் வேண்டுமென்றால் வீட்டில் குடிநீரில் உறையவைத்ததைப் போடுங்கள். வெளியே வாங்கும் ஐஸ் பாளம் எந்தத் தண்ணீரில் செய்தது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

வெட்டிவேரை எப்படிப் போடுவது? எங்கள் வீட்டில் மண்வாசனைதான் வருகிறது.

கழுவியது போதவில்லை. வேரின் சிக்கலுக்குள் மண் ஒட்டியிருக்கும். 10 கிராம் வேரை (ஒரு கைப்பிடிக்குச் சற்றுக் குறைவு) அகலமான போசியில் போட்டு, விரலால் பிரித்துவிட்டு, கழுவிய தண்ணீர் தெளிந்து வரும்வரை நாலைந்து முறை அலச வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து, கொதித்து ஆறிய 2 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க, அதாவது 8 மணி நேரம், ஊறவிடுங்கள். அடுப்பில் வைக்காதீர்கள். கொதித்தால் வாசனை ஆவியோடு போய்விடும், கட்டைக் கசப்பு மிஞ்சும்.

காலையில் முடிச்சை எடுத்து வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள், இரவு மறுபடி போடலாம். மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். அதற்கு மேல் வாசனையும் இருக்காது. பலர் செய்யும் தவறு, முடிச்சைப் பானைக்குள்ளேயே வாரக்கணக்கில் விட்டுவிடுவது. வேர் வழுவழுப்பாகி, தண்ணீரில் ஊசிய வாடை வரும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பானையையும் தேய்த்துக் கழுவ வேண்டும். பழைய வேரைக் குளிக்கும் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கும்போது ஒரு வேரை விரலால் கசக்கி முகர்ந்து பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கனமான வாசனை வந்தால் நல்லது. வெளிறி, உடைத்தால் வைக்கோல்போல் நொறுங்கினால் பழைய சரக்கு.

நன்னாரி என்று வாங்கினேன். விரல் பருமனாக இருக்கிறது. சரிதானா?

பெரும்பாலும் அது மாகாளிக்கிழங்கு. ஊறுகாய் போடுவோமே, அதுதான். அதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் விளைவது, வாசனையும் நன்னாரியைப் போலத்தான் இருக்கும், ஆனால் இன்னும் தூக்கலாக அடிக்கும். நன்னாரிக்குப் பதிலாக இதைத் தருவதும் வாங்குவதும் வெகுகாலமாக நடக்கிறது. உண்மையான நன்னாரி பென்சிலைவிட மெலிந்து, முறுக்கிக்கொண்டு, கரும்பழுப்புத் தோலில் குறுக்கு வெடிப்போடு இருக்கும். மாகாளி சதைப்பற்றாக, தடித்து, வெளிறிய பழுப்பில் இருக்கும். மாகாளியால் கெடுதல் இல்லை. ஆனால் நன்னாரியின் அளவில் போட்டால் வாசனை முகத்தில் அடிக்கும், பாதி போதும்.

நன்னாரியில் வாசனை இருப்பது தோலில். வேரை லேசாக இடித்தால் தோல் கழன்று, நடுவில் வெள்ளை நரம்பு தனியாக வரும், அதை எறிந்துவிடுங்கள். தோல் 10 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அதன் பிறகு தோலைப் போட்டு இறுக மூடி, இரவு முழுக்க வையுங்கள். காலையில் வடிகட்டினால் வெளிர் தேன் நிறத்தில் இருக்கும். நன்னாரியின் வாசனைப் பொருள் எளிதில் ஆவியாவது. அரை மணி நேரம் கொதிக்கவைத்துவிட்டு ‘மணமே இல்லை’ என்றால், மணம் சமையலறை ஜன்னல் வழியாகப் போயிருக்கும்.

கடையில் வாங்கும் நன்னாரி சர்பத் போதாதா?

ருசிக்குப் போதும், தாகத்துக்குப் போதாது. சர்பத் பாகில் பாதிக்கு மேல் சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினாலே கிட்டத்தட்ட ஐந்து டீஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது. நாளுக்கு நாலு சர்பத் குடித்தால் அது வேறு கணக்கு. வாரத்தில் ஒரு நாள், எலுமிச்சை பிழிந்து, சப்ஜா போட்டு, ரசித்துக் குடியுங்கள்.

மல்லி, சீரகம் அளவு என்ன?

ஒரு லிட்டர் தண்ணீருக்கு மல்லி விதை 2 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன். மல்லியை உரலில் ஒரு தட்டு தட்டி இரண்டாக உடைத்தால் போதும். பொடியாக்கினால் தண்ணீர் கலங்கி, நாக்கில் மணல்போல் படியும். வறுக்க வேண்டாம், வறுத்தால் அது சுக்குமல்லிக் காபி வாசனைக்குப் போய்விடும், ஆறவைத்துக் குடிக்க நன்றாக இருக்காது. மிதமான தீயில் 5 நிமிடம், அணைத்து மூடி 10 நிமிடம், வடிகட்டி ஆறவிடுங்கள். இந்தப் பட்டியலிலேயே செலவு குறைந்தது, எல்லா வயதுக்கும் ஒத்துக்கொள்வது இதுதான். பகட்டில்லாத பானம் என்பதால்தான் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஏற்காட்டில் இருப்பவர்கள் கொதிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும், சேலத்தில் 99. விதையும் வேரும் சாறு விட அந்த நாலு டிகிரி கணக்கில் வரும். கீழே 5 நிமிடம் என்றால் மேலே 7 அல்லது 8. இலை, பூ வகைக்கு இது பொருட்டில்லை. புதினாவுக்கு 95 டிகிரியே அதிகம்.

புதினா டீ ஏன் கறுத்துக் கசக்கிறது?

இலையைக் கொதிக்கவிட்டதால். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அணைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, டம்ளருக்கு 10–12 இலை வீதம் கையால் கிள்ளிப் போடுங்கள். 5 நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும். தண்டு சேர்ந்தால் பச்சை வாடை வரும். எலுமிச்சையை முழுக்க ஆறிய பிறகு, குடிக்கும் நேரத்தில் பிழியுங்கள். முன்பே பிழிந்தால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகும், சாறும் கசப்பு தட்டும்.

புதினாக் கட்டை அகலப் பாத்திரத்தில் முக்கி, தண்ணீர் மாற்றி மூன்று முறை அலசுங்கள். குழாயடியில் காட்டி எடுப்பது போதாது, இலையின் அடிப்பக்கத்தில் மண்ணும் பூச்சி முட்டையும் ஒட்டியிருக்கும்.

புதினா குடித்ததும் தொண்டை சில்லென்று இருக்கிறதே, அது நரம்புக்கு ஏற்படும் உணர்ச்சி. புதினாவில் உள்ள மென்தால், குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. உடம்பின் வெப்பம் அதனால் குறைவதில்லை. சில்லென்று இருக்கிறதே என்று வெயிலில் கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றுவிடக் கூடாது. எதுக்களிப்பு, நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா அதைக் கூட்டும். சாயங்காலம் காரமாகத் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுப் புதினா டீ குடித்தால் இரவில் தெரிந்துவிடும். அவர்களுக்குச் சீரகம், மல்லியே நல்லது.

எலுமிச்சைப்புல்?

அடித்தண்டோடு இரண்டு தாள் ஒரு லிட்டருக்குப் போதும். தாளை மடித்து முடிச்சுப் போட்டு, அடித்தண்டை மட்டும் நசுக்கி, 8 நிமிடம் மூடிபோட்டுக் கொதிக்கவையுங்கள். துணியில் வடிகட்டுங்கள், டீ வடிகட்டியில் மெல்லிய நார் தப்பிவிடும், தொண்டையில் குத்தும். இலை விளிம்பு கையைக் கீறும், கத்தரியால் நறுக்குங்கள். அரையடித் தொட்டியில் வைத்து நாளுக்கொரு முறை தண்ணீர் விட்டால் வருஷம் முழுக்க வரும். சேலத்து வெயில் இதற்கு மிகவும் பிடிக்கும்.

செம்பருத்திப் பூ டீ சிவப்பாக வராமல் ஊதாவாக, சில சமயம் சாம்பல் நீலமாக வருகிறது. பூ கெட்டுவிட்டதா?

பூவில் குறையில்லை, தண்ணீர்தான் அப்படிச் செய்கிறது. செம்பருத்தியின் நிறமி புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் ஊதா, நீலம் பக்கம் போகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்டால் இப்படி ஆகும். அதே பூவைக் குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நிறம் வேறாக இருக்கும். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டதும் பளிச்சென்று சிவந்துவிடும். சங்குப்பூ நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறுவதும் இதே வித்தைதான். அதில் ருசி என்று பெரிதாக ஒன்றுமில்லை, விருந்தாளிக்குக் காட்ட அழகாக இருக்கும்.

ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி ஐந்து பூ எடுத்து, பச்சைக் காம்பையும் நடுவில் உள்ள மகரந்தத் தண்டையும் நீக்கிவிட்டு, இதழ்களின் மேல் 400 மி.லி. வெந்நீர் ஊற்றி, 4 நிமிடத்தில் வடிகட்டுங்கள். நேரம் கூடினால் கொழகொழப்பாகும். வெளியூர்ப் பாக்கெட்டுகளில் ‘ஹைபிஸ்கஸ்’ என்று புளிப்பாக, அடர்சிவப்பாக வருவது நம் வீட்டுச் செம்பருத்தி இல்லை. அது சீமைப் புளிச்சையின் சதைப்பற்றான புல்லிவட்டம். அதுவே இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கக்கூடியது. ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி குடித்தால் தலைசுற்றல் வரலாம்.

ஆவாரம்பூ குடிக்கலாமா? பழமொழியே இருக்கிறதே.

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பது அழகான சொல். அதை வைத்துக்கொண்டு அளவில்லாமல் குடிப்பது சரியில்லை. நிழலில் காய்ந்த பூ ஒரு டீஸ்பூன், ஒரு டம்ளர் வெந்நீர், 5 நிமிடம். நாளுக்கு ஒரு வேளை. சர்க்கரை அளவைக் குறைக்கும் தன்மை இதற்கு உண்டு. அதனால் நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம். வெயிலில் சாப்பாடும் குறைந்திருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

கடையில் ‘ஆவாரம்பூ’ என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். ‘ஆவாரை’ என்று பாதியில் விட்டால் நிலாவாரை இலை கைக்கு வந்துவிடக்கூடும். நிலாவாரை பேதி மருந்து. தாகத்துக்கு என்று குடித்துவிட்டு உடம்பில் இருக்கும் தண்ணீரும் வெளியேறினால் என்ன ஆகும்? பூ மஞ்சளாக, மெல்லிய இதழோடு இருக்கும். நிலாவாரை நீண்ட, கூர்முனையான, பச்சை கலந்த சாம்பல் இலை. பார்த்தாலே தெரியும்.

பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிப்பதுபோலச் சாலையோரத்தில் பறித்துக் குடிப்பது வேண்டாம். வாகனப் புகையும் தூசியும் பூவில்தான் படிந்திருக்கும். சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளிய மேட்டுக்காட்டில் பறியுங்கள்.

அதிமதுரம் இனிப்பாக இருக்கிறது, சர்க்கரைக்குப் பதில் போடலாமா?

ஒரு நாள் தொண்டை வலிக்குப் போடலாம், கோடை முழுக்கப் போடக் கூடாது. தொடர்ந்து எடுத்தால் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். வியர்வையால் ஏற்கெனவே தாது உப்புகளை இழக்கும் காலத்தில் இது இரட்டைத் தொந்தரவு. அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

டீ கலங்கலாக, மேலே ஆடைபோல் படிகிறது. ஏன்?

உப்புத் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீரில் மூலிகையின் சாறு சரியாக இறங்காது, மேலே படலம் கட்டும், வாசனையும் அமுங்கிவிடும். குடிநீர்க் குழாய்த் தண்ணீரையோ வடிகட்டிய நீரையோ பயன்படுத்துங்கள். எல்லாத் தாதும் நீக்கப்பட்ட கேன் தண்ணீரில் போட்டால் ருசி சப்பென்று இருக்கும் என்பதும் உண்மை. காவிரித் தண்ணீர் கிடைக்கிற வீட்டில் அதைவிடப் பொருத்தமானது இல்லை.

மண்பானையில் வைத்தால் நல்லதா?

சேலத்தில் நன்றாக வேலை செய்யும், காற்று வறண்டிருப்பதால். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. புதுப் பானையை ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். சோப்பு கூடாது, மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நார் போதும். உப்புத் தண்ணீர் ஊற்றிய பானை ஒரே கோடையில் வெளியே வெள்ளை பூத்து, துளை அடைத்து, குளிர்ச்சியை விட்டுவிடும். மல்லி, சீரகம், நன்னாரி வடிநீரைப் பானையில் ஊற்றாதீர்கள். வாசனை மண்ணில் ஏறிப் புளிப்படிக்கும். பானை வெட்டிவேர் நீருக்கு மட்டும்.

எவர்சில்வரும் கண்ணாடியும் எல்லாவற்றுக்கும் ஆகும். எலுமிச்சை சேர்ந்ததைச் செம்பிலோ ஈயம் பூசாத பித்தளையிலோ வைக்கக் கூடாது, புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். பிளாஸ்க்கில் ஊற்றுவதென்றால் வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள். இலையோடு ஊற்றினால் மதியத்துக்குள் கஷாயமாகிவிடும்.

எத்தனை மணி நேரம் கெடாது?

ஊறவைக்கும் நேரம் போக, வடிகட்டிய பிறகு சேலத்துக் கோடையில் வெளியே வைத்தால் நாலு மணி நேரம். சர்க்கரை, பழத்துண்டு, சப்ஜா சேர்த்திருந்தால் இரண்டு. குளிர்பெட்டியில் மூடி வைத்தால் ஒரு நாள். புளிப்பு வாடை, நுரை, நூல்போல இழுவை, இவற்றில் ஏதாவது தெரிந்தால் கொட்டிவிடுங்கள்; மறுபடி கொதிக்கவைத்துத் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். கண்ணாடி ஜாடியை மொட்டைமாடி வெயிலில் வைத்து ‘வெயில் டீ’ போடும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அந்த வெதுவெதுப்பு கிருமியைக் கொல்லாது, வளர்க்கும். ஊறவைக்க வேண்டுமென்றால் கொதித்து ஆறிய நீரில், நிழலில்.

நாள் முழுக்க வியர்க்கிற வேலை. மூலிகை டீ போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். கொலுசுப் பட்டறையில் உலை முன்னால் உட்கார்ந்திருப்பவர், தறிக்கூடத்தில் தகரக் கூரைக்குக் கீழே நிற்பவர், கட்டட வேலைக்காரர் எல்லோரும் கடும் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். அதில் தண்ணீரோடு உப்பும் போகிறது. மூலிகை டீயில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். அதையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வரும். முற்றினால் வலிப்பும் வரலாம்.

இடையிடையே உப்புப் போட்ட மோர், நீராகாரம், கம்மங்கூழ் குடிக்க வேண்டும். 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று பிரித்துக் குடியுங்கள். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். பேதி, வாந்தி என்றால் மூலிகையை ஓரமாக வைத்துவிட்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரியுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், பொதுவாக ஒரு லிட்டரில், முழுப் பாக்கெட்டையும் ஒரே முறையில் கரைக்க வேண்டும். பாக்கெட் இல்லாதபோது ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள்.

போதுமான அளவு குடிக்கிறோமா என்று எப்படித் தெரியும்?

சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. அடர் மஞ்சள், அளவும் குறைவு என்றால் போதவில்லை. பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் நிறத்தை நம்ப முடியாது. வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கியிருக்கும். அவர்களிடம் ‘தண்ணீர் வேணுமா’ என்று கேட்காமல் டம்ளரைக் கையில் கொடுங்கள்.

வெயிலில் இருந்தவர் பேச்சுக் குழறி, உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது வெப்ப அதிர்ச்சி. 108-ஐ அழையுங்கள். நிழலுக்கு மாற்றி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

காபியும் பால் டீயும் நீரை வற்றவைக்குமா?

நாளுக்கு இரண்டு மூன்று டம்ளர் குடிப்பவருக்கு அப்படி ஒன்றும் ஆகாது. அதில் இருக்கும் தண்ணீரும் கணக்கில் சேரும். ஆனால் தாகம் எடுக்கும்போதெல்லாம் டீக்கடைக்குப் போனால் சர்க்கரையும் ஏறும், தூக்கமும் கெடும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரகக் கோளாறாலோ இதயப் பலவீனத்தாலோ ‘நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர்’ என்று மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் மூலிகை டீயும் அந்த அளவுக்குள்தான். கர்ப்பிணிகள் செம்பருத்தி, ஆவாரம்பூ, அதிமதுரம், நிலாவாரையை விட்டுவிடலாம். சாப்பாட்டில் புழங்கும் சீரகம், மல்லி, புதினா போதும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் எந்த மூலிகையையும் தினசரி வழக்கமாக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் கோடையிலும் தாய்ப்பால் மட்டும்தான். வெட்டிவேர் நீர், சோம்பு நீர் எதுவும் வேண்டாம். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் கூடாது.

சப்ஜா விதை?

ஒரு டீஸ்பூன் விதைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், 15 நிமிடம். முழுதாக உப்பிய பிறகே குடிக்க வேண்டும். உலர் விதையை வாயில் போட்டால் தொண்டையிலேயே உப்பி அடைக்கும்.

ஏற்காட்டில் என்ன வாங்கலாம்?

ஏற்காடு காபி மலை. ‘ஏற்காட்டுத் தேயிலை’ என்று தேடிப் போக வேண்டாம். மிளகு, ஆரஞ்சு உண்டு. ஆரஞ்சு கிடைக்கும் பருவத்தில் தோலை உள்வெள்ளையைச் சுரண்டிவிட்டு நிழலில் காயவைத்து வைத்துக்கொண்டால், கோடையில் மல்லி நீரில் ஒரு துண்டு போட அருமையாக இருக்கும். வெள்ளையோடு போட்டால் கசக்கும்.

‘மூலிகை டீத் தூள்’ பாக்கெட்டின் பின்புறத்தைத் திருப்பிப் படியுங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பொருட்களின் பட்டியல், தேதி மூன்றும் இருக்க வேண்டும். பட்டியலில் முதலில் வருவதுதான் அதிகம் உள்ளது. அது சர்க்கரையாகவோ தேயிலைத் தூளாகவோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

தைல எண்ணெய் (யூகலிப்டஸ்), எலுமிச்சைப்புல் எண்ணெய்ப் புட்டிகளும் மலைக் கடைகளில் கிடைக்கும். ஒரு சொட்டுகூடக் குடிநீரில் விடாதீர்கள். தைல எண்ணெய் குழந்தைகளுக்கு விஷம், சில மி.லி. உள்ளே போனாலே வலிப்பு வரலாம். அவை மேலே தேய்க்க மட்டும்.

காபித் தோட்டத்து ஓரத்தில் தழைத்திருக்கும் துளசியையும் வல்லாரையையும் பறித்து வரலாமா என்பார்கள். காபிச் செடிக்குப் பூஞ்சைக்காகச் செம்பு கலந்த போர்டோக் கலவை தெளிப்பார்கள்; அடியில் இருக்கும் இலை மேலும் அது விழும். காப்புக்காட்டில் பறிப்பது சட்டப்படி குற்றம். இரண்டையும் தொட்டியில் வளர்ப்பது சுலபம்.

மலை ஏறும்போது வாந்தி வருகிறது. எந்த டீ உதவும்?

இஞ்சி. கட்டைவிரல் நுனியளவு இஞ்சியைத் தட்டி, ஒரு டம்ளர் நீரில் 5 நிமிடம் கொதிக்கவைத்து, கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன் பாதி டம்ளர். மீதியைக் கையில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒவ்வொரு வாயாக உறிஞ்சுங்கள். வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏறினால் எந்த மூலிகையாலும் தடுக்க முடியாது.